அடைப்புக்குறி இல்லாத பெயர்

பைத்தானைத் திறந்து ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள். ஓர் எண்ணை வாங்கி இரண்டால் பெருக்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

டெஃப் இரட்டி(எண்):
    ரிட்டர்ன் எண் * 2

(இந்த நூலில் நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் தமிழில் வைக்கும் பெயர்களைப் பைத்தான் 3 அப்படியே ஏற்கும். டெஃப், ரிட்டர்ன், லென் போன்று மொழிக்கே சொந்தமான சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.) இரட்டி(7) என்று அடித்தால் 14 வரும். இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அடுத்து, அடைப்புக்குறியையும் ஏழையும் விட்டுவிட்டு, வெறும் இரட்டி என்று அடித்து என்டர் தட்டுங்கள். ‘ஃபங்ஷன் இரட்டி’ என்றும், அது நினைவகத்தில் இருக்கும் முகவரியைக் காட்டும் ஒரு நீண்ட எண்ணும் வரும். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இதைப் பிழைச் செய்தி என்று நினைத்துத் திரையைத் துடைத்துவிடுகிறார்கள். அது பிழையே இல்லை. “இரட்டி என்றால் என்ன?” என்று கேட்டீர்கள், “அது ஒரு ஃபங்ஷன், இதோ இங்கே இருக்கிறது” என்று பதில் வந்திருக்கிறது. 7 என்று அடித்தால் 7 என்று பதில் வருவது போலத்தான் இதுவும்.

ஃபங்ஷனும் ஒரு மதிப்பு என்று புத்தகங்கள் சொல்வதற்கு அடிப்படை இவ்வளவுதான். எண்ணை மாறியில் வைக்கலாம், லிஸ்டில் சேர்க்கலாம், இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம், விடையாகத் திருப்பித் தரலாம். ஃபங்ஷனையும் இந்த நான்கும் செய்யலாம். கேட்கும்போது எளிதாக இருக்கும் இந்தக் கருத்து, நிரல் எழுத உட்கார்ந்ததும் பலரைக் கவிழ்த்துவிடுகிறது. கருத்து கடினம் என்பதால் கவிழ்வதாகத் தோன்றவில்லை. பாடம் நடத்தப்படும் விதத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. முதலாவது, ஃபங்ஷனின் பெயரும் அடைப்புக்குறியும் பிரிக்க முடியாத ஒரே சொல் என்கிற பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஊட்டிவிடுகிறோம். இரண்டாவது, ஒரு ஃபங்ஷனை இன்னொன்றிடம் கொடுப்பது, ஒரு ஃபங்ஷனிலிருந்து புது ஃபங்ஷனைத் திரும்பப் பெறுவது என்ற இரண்டு படிகளையும், போதாக்குறைக்குப் பெயரில்லாத ஃபங்ஷனான லாம்டாவையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். முதல் படி மிக எளியது. இரண்டாவது உண்மையிலேயே கடினமானது. எளியதை முன்னாலும் கடினமானதைப் பின்னாலும் வைத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

முதல் கோளாறைத் தமிழ் இலக்கணத்தை வைத்தே சரிசெய்யலாம். ‘வறு’ என்பது ஏவல். சொன்னவுடன் சட்டி அடுப்பில் ஏற வேண்டும். ‘வறுத்தல்’ என்பது தொழிற்பெயர். அதைச் சொன்னால் எதுவும் வறுபடாது. அந்தச் செயலைப் பற்றிப் பேச ஒரு பெயர் கிடைக்கும். பெயர் என்பதால் வேற்றுமை உருபு ஏற்கும்: ‘வறுத்தலுக்கு இரும்புச் சட்டிதான் சரி’ என்று சொல்லலாம். ‘வறு’வுக்கு அப்படி உருபு சேர்க்க முடியாது. தொழிற்பெயர் காலமும் காட்டாது. எப்போது வறுத்தார்கள், இனிமேல்தான் வறுப்பார்களா என்று அதிலிருந்து தெரியாது. மூன்றாவதாக ‘வறுவல்’ இருக்கிறது. அது செயல் முடிந்து தட்டில் வந்து விழுந்த பொருள். இப்போது நிரலுக்கு வாருங்கள். இரட்டி என்ற வெறும் பெயர் வறுத்தல். பின்னால் வரும் அடைப்புக்குறி, ‘வறு’ என்ற ஏவல். வந்த 14 வறுவல். பள்ளி இலக்கணத்தில் ‘வற்றல் தின்றான்’ என்ற எடுத்துக்காட்டு வரும். செயலின் பெயரை விளைந்த பொருளுக்கு வைத்துக்கொள்வது தமிழில் தொழிலாகுபெயர். பேச்சில் அது அழகு. நிரலில் வறுத்தலைக் கேட்ட இடத்தில் வறுவலைக் கொடுத்தால் கணினி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஃபங்ஷன்களுக்கு ‘இரட்டி’, ‘கூட்டு’, ‘அனுப்பு’ என்று ஏவல் வடிவிலேயே பெயர் வைப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம்தான். பெயரைப் பார்த்தாலே கட்டளை போல ஒலிக்கிறது. ஆனால் கட்டளை பெயரில் இல்லை, அடைப்புக்குறியில் இருக்கிறது.

ஃபங்ஷனை ஓர் இயந்திரமாகப் படம் போட்டு, ஒரு பக்கம் எண்ணைப் போட்டால் மறுபக்கம் விடை வரும் என்று விளக்குவது பாடப்புத்தக வழக்கம். முதல் வாரத்துக்கு அது போதும். ஆனால் மாவரைக்கும் இயந்திரத்துக்குள் இன்னொரு மாவரைக்கும் இயந்திரத்தைப் போடுவதாக யாராலும் கற்பனை செய்ய முடியாது. ஆகவே அந்தப் படம் இந்த அத்தியாயத்தின் வாசலிலேயே வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதைவிடச் சமையல் குறிப்பு எழுதிய தாள் நல்ல உவமை. தாளைக் கை மாற்றலாம், கோப்பில் வைக்கலாம், “இதன்படி செய்” என்று இன்னொருவரிடம் நீட்டலாம். நீட்டும்போது அடுப்பு எரியாது.

இனி முதல் படி. வரிசைப்படுத்துவதில் தொடங்குவதே நல்லது, ஏனென்றால் அங்கே ஃபங்ஷனைக் கொடுப்பதற்கான தேவை கண்ணுக்குத் தெரியும். மூன்று சொற்களை நீளத்தின்படி அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

சொற்கள் = ["மரகதம்", "கட்டில்", "நிலா"]
சார்ட்டட்(சொற்கள், கீ=லென்)

லென் என்பது நீளம் சொல்லும் ஃபங்ஷன். அதன் பின்னால் அடைப்புக்குறி இல்லை என்பதைக் கவனியுங்கள். லென்னை நாம் அழைக்கவில்லை. சார்ட்டட்டின் கையில் கொடுக்கிறோம். சார்ட்டட் ஒவ்வொரு சொல்லாக எடுத்து, லென்னைத் தானே அழைத்து, வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்களின்படி சொற்களை அடுக்கும். ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு முறைதான் அழைக்கும். விடை: நிலா, மரகதம், கட்டில். இந்த இடத்தில் தமிழ் வாசகர் முகம் சுளிக்க வேண்டும். மரகதம் ஐந்தெழுத்து, கட்டில் நான்கெழுத்து. கட்டில் அல்லவா முன்னால் வர வேண்டும்? லென் எண்ணுவது எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறியீடுகளை. ‘டி’ என்ற ஓரெழுத்து ட என்றும் மேல்விலங்கு என்றும் இரண்டாகப் பதிவாகிறது. ‘ல்’ என்பது ல என்றும் புள்ளி என்றும் இரண்டு. அந்தக் கணக்கில் கட்டில் 7, மரகதம் 6, நிலா 4. சார்ட்டட் மேல் எந்தத் தவறும் இல்லை. அதனிடம் நாம் கொடுத்த அளவுகோல்தான் தவறு. அளவுகோலை மாற்றுவோம். கால், கொம்பு, விலங்கு, புள்ளி முதலிய குறிகளையெல்லாம் துணைக்குறிகள் என்ற மாறியில் சேர்த்து வைத்துக்கொண்டு இப்படி எழுதலாம்:

டெஃப் எழுத்தெண்(சொல்):
    தொகை = 0
    ஃபார் குறி இன் சொல்:
        இஃப் குறி நாட் இன் துணைக்குறிகள்:
            தொகை = தொகை + 1
    ரிட்டர்ன் தொகை

சார்ட்டட்(சொற்கள், கீ=எழுத்தெண்)

இப்போது நிலா 2, கட்டில் 4, மரகதம் 5 என்று சரியாக அடுக்கும். சார்ட்டட்டை எழுதியவர்களுக்குத் தமிழ் எழுத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அடுக்கும் வேலை அவர்களுடையது, எதை வைத்து அடுக்குவது என்ற முடிவு நம்முடையது; இரண்டும் ஒரு பெயரின் வழியாகச் சந்திக்கின்றன. தலைப்பெழுத்தோடு வரும் பெயர்ப் பட்டியலைத் தலைப்பெழுத்தை ஒதுக்கிவிட்டு அடுக்க வேண்டும் என்றாலும் இதே வழிதான்: தலைப்பெழுத்தை நீக்கித் தரும் ஒரு ஃபங்ஷனை எழுதி, அதன் பெயரைக் கொடுக்க வேண்டியதுதான்.

இதே வரியைத் தவறாக எழுதிப் பார்ப்பது சரியாக எழுதுவதைவிட அதிகம் கற்றுத்தரும். கீ=எழுத்தெண்() என்று பழக்க தோஷத்தில் அடைப்புக்குறி போட்டுவிட்டால், சொல் என்ற ஆர்க்யுமென்ட் வரவில்லை என்று பைத்தான் முறையிடும். அடுக்கும் வேலை தொடங்கவே இல்லை. அதற்கு முன்பே எழுத்தெண் வெறுங்கையோடு ஓடிவிட்டது. சரி, ஒரு சொல்லைக் கொடுத்துவிடலாம் என்று கீ=எழுத்தெண்("நிலா") என்று திருத்தினால், ‘இன்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்’ என்று வேறொரு செய்தி வரும். இந்தச் செய்தியை நிதானமாக வாசியுங்கள். எழுத்தெண்("நிலா") முதலில் ஓடி 2 ஆகிவிட்டது. சார்ட்டட்டின் கையில் போய்ச் சேர்ந்தது 2 என்ற எண். அதை அழைக்கப் பார்த்த சார்ட்டட், ‘எண்ணை எப்படி அழைப்பது?’ என்று கேட்கிறது. வறுத்தல் கேட்டவரிடம் வறுவலை நீட்டியிருக்கிறோம்.

பைத்தானாவது சத்தம் போடுகிறது. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் இதே தவறு சத்தமில்லாமல் நடக்கும். ஐந்து வினாடி கழித்து மணி அடிக்க வேண்டும் என்று செட்டைம்அவுட்(மணியடி(), 5000) என்று எழுதினால், மணி அந்த நொடியே அடித்துவிடும். ஐந்து வினாடி கழித்து ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது. எழுத வேண்டியது செட்டைம்அவுட்(மணியடி, 5000). இரண்டு வரிகளுக்கும் ஒரு சோடி அடைப்புக்குறிதான் வித்தியாசம். தொழிற்பெயர் காலம் காட்டாது என்று மேலே சொன்னதன் பயன் இங்கே தெரிகிறது: எப்போது அடிப்பது என்பதை டைமரிடம் விட வேண்டுமானால், காலம் கலக்காத பெயரைத்தான் அதனிடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் எதற்கு, ஒரு ஃபார் லூப் போட்டால் எல்லா வேலையும் முடிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு லிஸ்டின் எண்களையெல்லாம் இரட்டிப்பதற்கு மேப்(இரட்டி, எண்கள்) என்று எழுதுவதைவிட லூப் எழுதுவது தொடக்கத்தில் தெளிவாகவே இருக்கும். பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசமே 2005இல், மேப், ஃபில்டர், ரெட்யூஸ், லாம்டா நான்கையும் பைத்தான் 3இலிருந்து எடுத்துவிடலாம் என்று எழுதினார். கடைசியில் ரெட்யூஸ் மட்டும் தனி மாட்யூலுக்குப் போனது, மற்றவை தப்பின. ஆனால் அதே பைத்தான் 3, வரிசைப்படுத்தும்போது ஃபங்ஷனைக் கொடுக்கும் கீ என்ற வசதியில் கைவைக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். லூப்பால் மேப்பை ஈடுகட்டலாம்; வரிசைப்படுத்தும் முறையை லூப் போட்டு நாமே எழுதினால், அளவுகோல் மாறும்போதெல்லாம் மொத்தத்தையும் திரும்ப எழுத வேண்டிவரும். நம் மனதில் உள்ள அளவுகோலைக் கணினியால் ஊகிக்கவும் முடியாது. ஜாவாஸ்கிரிப்டில் 10, 9, 1 என்ற மூன்றையும் ஒன்றும் சொல்லாமல் வரிசைப்படுத்தச் சொன்னால் 1, 10, 9 என்று அடுக்கும், ஏனென்றால் எண்களைச் சொற்களாகப் பாவிக்கிறது. சிக்கனத்துக்குப் பெயர்போன சி மொழியிலும் கியூசார்ட் என்ற வரிசைப்படுத்தும் ஃபங்ஷனுக்கு, ஒப்பிடும் ஃபங்ஷனின் முகவரியை நாம் கொடுத்தாக வேண்டும். ஜாவாவில் 2014இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, ஒப்பிடும் ஒரு வரிக்காக ஒரு கிளாஸ் எழுதி, அதன் ஆப்ஜெக்டை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தேவை எல்லா மொழியிலும் இருந்தது. சில மொழிகள் அதற்கு நேர்வழி கொடுத்தன, சில சுற்றுவழி கொடுத்தன.

இது தேர்ந்தவர்களுக்கான விஷயம், தொடக்கத்திலேயே எதற்கு என்ற மறுப்பு இன்னொன்று. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே உறவுகளும் சார்புகளும்தான். அதில் இரண்டு சார்புகளை இணைத்து மூன்றாவது சார்பு ஒன்றை உருவாக்கும் பகுதி வருகிறது. அந்தக் கணக்கைப் போட்ட மாணவர், சார்பை எண்ணைப் போலக் கையாண்டுவிட்டார். அப்படிச் செய்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் அதே சார்பு, செயற்கூறு என்று பெயர் மாறி வரும்போது இரண்டுக்கும் தொடர்பில்லாதது போலாகிவிடுகிறது. அலுவலகங்களில் நிரல் பக்கமே போகாதவர்கள் பயன்படுத்தும் எக்செல்லிலும் 2020 டிசம்பரில் லாம்டாவை அறிவித்துவிட்டார்கள். இதை மேல்வகுப்பு விஷயம் என்று இனியும் ஒதுக்குவது கடினம்.

ஆனால் இந்த மறுப்பில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. அது இரண்டாவது படியைப் பற்றியது. 1967 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் நடந்த கோடைப் பள்ளியில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கிலேய அறிஞர் சொற்பொழிவாற்றினார். அல்கால் மொழியில் எண்கள் முதல் தரக் குடிமக்கள், புரொசீஜர்கள் இரண்டாம் தரம்தான் என்ற பாகுபாட்டை அங்கே அவர் எடுத்துக்காட்டினார். அல்கால் 60இல் ஒரு புரொசீஜரை இன்னொன்றிடம் கொடுக்கலாம். ஆனால் மாறியில் வைக்க முடியாது, விடையாகத் திருப்பித் தரவும் முடியாது. கொடுப்பதை அனுமதித்த மொழி, திரும்பப் பெறுவதை ஏன் அனுமதிக்கவில்லை? ஒரு ஃபங்ஷன் ஓடும்போது அதன் உள்மாறிகளுக்கு இடம் ஒதுக்கப்படும், ஓடி முடிந்ததும் அந்த இடம் காலி செய்யப்படும். அதற்குள் பிறந்த இன்னொரு ஃபங்ஷன் வெளியே வந்து, பிறந்த வீட்டு மாறி ஒன்றைக் கேட்டால்? வீட்டையே இடித்தாகிவிட்டதே. பீட்டர் லாண்டின் என்ற கணினி அறிஞர் 1964இல் இதற்கு ஒரு வழி எழுதி வைத்தார்: ஃபங்ஷனோடு அது பிறந்த சூழலையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவது. குளோஷர் என்ற பெயர் அவர் வைத்தது. லிஸ்ப் மொழி 1958 முதலே ஃபங்ஷன்களைக் கைமாற்றியும்கூட இந்த இடத்தில் வெகுகாலம் தடுமாறியது. அதன் குடும்பத்தில் 1975இல் வந்த ஸ்கீம்தான் சூழலைச் சுமக்கும் ஃபங்ஷன்களை இயல்பான நடைமுறையாக்கியது. மொழி வடிவமைத்தவர்களே தயங்கி நின்ற படியில் புதிய மாணவர் ஒரு வாரம் தயங்கி நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் படியில் யாரும் அவ்வளவு தடுமாறியதில்லை என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது. இரண்டையும் பிரித்துக் கற்பிக்க இதைவிட வேறு காரணம் தேவையா?

இரண்டாம் படிக்கு இந்த ஒரு நிரல் போதும்:

டெஃப் பெருக்கி(மடங்கு):
    டெஃப் உள்ளே(எண்):
        ரிட்டர்ன் எண் * மடங்கு
    ரிட்டர்ன் உள்ளே

மும்மடங்கு = பெருக்கி(3)

கடைசிக்கு முந்தின வரியில் உள்ளே என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லை. ஆகவே பெருக்கி(3) என்று அழைத்தால் எண் எதுவும் கிடைக்காது. வறுத்தலே கிடைக்கும், அதாவது ஒரு ஃபங்ஷன். அதை மும்மடங்கு என்ற மாறியில் வைத்தோம். மும்மடங்கு(7) என்றால் 21. பெருக்கி எப்போதோ ஓடி முடிந்துவிட்டது, ஆனால் அதற்குக் கொடுத்த 3 இன்னும் மறக்கப்படவில்லை. உள்ளே அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. பெருக்கி(3)(7) என்று ஒரே வரியில் எழுதியிருப்பதைப் பார்த்தால் மிரள வேண்டாம். இடமிருந்து வலமாக வாசியுங்கள். பெருக்கி(3) முடிந்ததும் அந்த இடத்தில் நிற்பது ஒரு ஃபங்ஷன். அடுத்த அடைப்புக்குறி அதற்கான ஏவல்.

லாம்டாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே ஃபங்ஷன் எழுதும் சுருக்கெழுத்து அது. பெயர் வைத்து எழுதிக் கை பழகும்வரை அதைத் தள்ளிவையுங்கள். பெயர் வைத்த ஃபங்ஷனைத் தனியாக ஓட்டிச் சோதிக்கலாம், பிழைச் செய்தியில் அதன் பெயர் வரும். லாம்டாவில் இந்த இரண்டு வசதியும் குறைவு. ஃபங்ஷன்களைக் கைமாற்றும் நிரலை வாசிப்பது சிரமம் என்று சொல்பவர்களின் புகாரில் பெரும்பகுதி உண்மையில் லாம்டாக்களை அடுக்கடுக்காகச் செருகுவதைப் பற்றியது.

கொடுக்கும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஃபங்ஷனை வாங்கிக்கொண்டவர் அதை எத்தனை ஆர்க்யுமென்ட்டோடு அழைப்பார் என்பது. ஜாவாஸ்கிரிப்டில் "10" என்ற எழுத்துச்சரத்தை மூன்று முறை லிஸ்டில் வைத்து, மேப்பிடம், எழுத்துச்சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டைக் கொடுத்தால் 10, ‘எண்ணல்ல’, 2 என்று விடை வரும். மேப் மதிப்போடு அதன் இட எண்ணையும் சேர்த்துக் கொடுக்கிறது. பார்ஸ்இன்ட் அந்த இரண்டாவது எண்ணை அடிமானமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டின் அடிமானத்தில் 10 என்றால் 2 தானே. இருவரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். அறிமுகப்படுத்திய நாம்தான் இருவரையும் விசாரிக்கவில்லை.

பைத்தானில் லூப்புக்குள் ஃபங்ஷன் செய்யும்போது விழும் பள்ளம் ஒன்றும் இருக்கிறது. மடங்கு என்ற மாறி 1, 2, 3 என்று சுற்றும் லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை மடங்கால் பெருக்கும் ஒரு ஃபங்ஷனை அங்கேயே எழுதி லிஸ்டில் சேருங்கள். பிறகு மூன்றிடமும் 10 கொடுத்தால் 10, 20, 30 வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது 30, 30, 30. மூன்று ஃபங்ஷன்களும் மடங்கின் மதிப்பைச் சுமக்கவில்லை, மடங்கு என்ற ஒரே மாறியைச் சுட்டிக்கொண்டிருந்தன. அழைக்கும் நேரத்தில் அதில் இருந்தது 3. சமையல் குறிப்பில் ‘பெட்டியில் உள்ள அளவு உப்பு’ என்று எழுதிவிட்டு, பெட்டியில் உள்ளதை மாற்றிக்கொண்டே போனது போல. லூப்புக்குள் நேராக எழுதாமல், மேலே செய்த பெருக்கியை அங்கே அழைத்து, அது தருவதை லிஸ்டில் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் பெருக்கி ஒரு புது மடங்கை உண்டாக்கும். ஒவ்வொரு ஃபங்ஷனும் தன்னுடையதைச் சுமக்கும். 10, 20, 30 வரும்.